அலை அல்லாத ‘அலை’

கலைச்சொல் வெறும் பெயர்தானே, மொழியியல் படித்தவருக்கு இதில் என்ன வேலை என்கிறார்கள். வாயுச் சுழலியின் எரியறையில் எழும் வெப்பநிலை ஏற்றத்தாழ்வை ‘என்ட்ரோபி அலை’ என்கிறோம்; மாணவரோ அது ஒலியைப்போல் தானே பரவுமென எண்ணிவிடுகிறார். அது பரவுவதில்லை. ஆற்றில் விழுந்த சருகைப்போல் வளியோட்டத்தோடு அடித்துச் செல்லப்படுகிறது. சீரான ஓட்டத்தில் அது ஊமை. சுழலி வாயிலின் குறுகலில் ஓட்டம் முடுக்கம் பெறும்போதே ஒலி பிறக்கிறது. 1977இல் மார்பிள், கான்டெல் இருவரும் இதைக் கணக்கிட்டுக் காட்டினர். அவ்வொலி பின்னோக்கித் திரும்பிச் சுடரை அலைக்கழித்தால், அதிர்வு பெருகி எரியறையே சேதமுறலாம். இந்தச் சுற்றுக்காகும் நேரத்தை ஒலிவேகத்தால் மட்டும் அளப்பவர் பிழைபடுவார். ‘வெப்பநிலைத் திட்டு’ என்றே சொல்வோம். பிழையான பெயர் பிழையான கணக்கையே ஈனும்.