வீழ்த்தியது எத்தனை என்று கேட்காதே!



இரவு பத்து மணிக்குக் கடையை அடைத்து, கல்லாவை எண்ணி முடித்து வீட்டுக்கு வருகிறீர்கள். மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். திரையில் மலை போன்ற ஓர் இரும்பு மனிதன், ராட்சதப் பூச்சி ஒன்றைக் குத்தித் தள்ளுகிறான். 'என்னடா இது?' என்கிறீர்கள். 'ஒன்னுமில்ல அத்தா, கேம்' என்கிறான், முகத்தைத் திருப்பாமலே. 'படிக்கிற பிள்ளைக்கு என்ன சண்டை விளையாட்டு!' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறீர்கள். விசாரணையும் முடிந்தது, தீர்ப்பும் எழுதியாகிவிட்டது!

ஒரு மூட்டை அரிசி வாங்கினால்கூட கையில் அள்ளிப் பார்த்துத்தானே விலை பேசுகிறீர்கள்? பிள்ளையின் நேரத்தை விழுங்குகிற ஒரு பொருளைப் பிரித்தே பார்க்காமல் மதிப்புப் போடுவது என்ன நியாயம்? வாருங்கள், இன்று ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்.

இது என்ன விளையாட்டு?

இதன் பெயர் 'இன்டூ த ப்ரீச்'. 2018 பிப்ரவரியில் வெளிவந்தது. செய்தவர்கள் சப்செட் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனத்தார். ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் என்ற இருவர் தொடங்கிய நிறுவனம் அது. 2012ல் 'எஃப்டிஎல்' என்ற விண்கப்பல் விளையாட்டின் மூலம் பெயர் பெற்றவர்கள் இவர்கள்.

கதை எளிமையானது. பூமிக்கடியில் 'வெக்' என்னும் ராட்சதப் பூச்சிகள் பெருகி, மேலே வந்து ஊர்களை அழிக்கின்றன. எஞ்சியிருப்பவை சில தீவுகள். அவற்றைக் காக்க மூன்று ராட்சத ரோபோக்கள் உங்கள் கையில் தரப்படுகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். போர்க்களம் சதுரங்கப் பலகையைப் போல எட்டுக்கு எட்டு, மொத்தம் 64 கட்டங்கள். சதுரங்கத்தில் போலவே முறை வைத்துத்தான் ஆட வேண்டும். எதிரி ஒரு முறை, நீங்கள் ஒரு முறை. பட்டனைப் படபடவென்று தட்டுகிறவனுக்கு இங்கே வேலை இல்லை. கடிகாரம் துரத்துவதில்லை. ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம் யோசித்தாலும் கேட்பார் யாருமில்லை.

எதிரி சொல்லிவிட்டு அடிக்கிறான்!

இந்த விளையாட்டின் உயிர்நாடி இதுதான். பூச்சி முதலில் நகர்ந்து வந்து நிற்கும். எந்தக் கட்டத்தைத் தாக்கப் போகிறது என்று காட்டும். உடனே தாக்காது. இப்போது உங்கள் முறை. உங்கள் மூன்று ரோபோக்களும் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகுதான் அந்த அடி விழும். அடுத்த பூச்சி எந்த இடத்தில் மண்ணைப் பிளந்து மேலே வரும் என்பதும் முன்கூட்டியே தெரியும்.

எல்லாம் தெரிந்த பிறகும் ஏன் தோற்கிறார்கள்? கோபத்தால் தோற்கிறார்கள்!

புதிதாக ஆட வருகிற வாலிபன் என்ன செய்கிறான் தெரியுமா? கண்ணில் படுகிற முதல் பூச்சியை அடிக்கிறான். அது சாவதில்லை. அடுத்த முறையும் அதையே அடிக்கிறான். இந்த முறை செத்துவிடுகிறது. 'ஒழிந்தது!' என்று துள்ளுகிறான். அதற்குள் மற்ற இரண்டு பூச்சிகளும் இரண்டு கட்டடங்களைத் தகர்த்துவிட்டன. துரத்தியவனுக்கு ஒரு பிணம் கிடைத்தது. ஊருக்கு இரண்டு இடிபாடுகள் கிடைத்தன.

பழகியவன் வேறு மாதிரி ஆடுகிறான். ஒரு பூச்சி நேர்கோட்டில் எச்சில் உமிழத் தயாராக நிற்கிறது. எதிரே வீடு. அதைக் கொல்லப் போதுமான பலம் இவனிடம் இல்லை. ஆனால் பக்கவாட்டில் ஒரு குத்து விட்டால் பூச்சி ஒரு கட்டம் தள்ளிப் போகும். அது உமிழும் திசை மாறாது. வீட்டுக்குப் போக வேண்டிய அடி இப்போது வெற்று நிலத்தில் விழும். அந்தக் கோட்டில் இன்னொரு பூச்சி நின்றால் அடி அதன் மேலேயே விழும். எதிரியின் பலத்தாலேயே எதிரிக்கு அடி! பூச்சி மேலே வரும் குழியின் மீது ரோபோ ஏறி நின்றுகொண்டால் பூச்சி வர முடியாது. ரோபோவுக்குச் சிறிது சேதம் உண்டு. அந்தச் சேதத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறான். தள்ளுவதற்கு வழி இல்லாதபோது ரோபோவையே வீட்டுக்கு முன்னால் நிறுத்தி, அந்த அடியைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறான்.

நம் ஊர்த் திண்ணைகளில் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆட்டுக்குப் பல்லும் இல்லை, நகமும் இல்லை. புலியை அது கொல்வதே இல்லை. நகர இடமில்லாமல் அடைத்துத்தான் ஜெயிக்கிறது. நம் பாட்டன்மார் தரையில் கட்டம் கிழித்து, கூழாங்கல்லை வைத்துக் கற்ற பாடம்தான், இரும்பு உருவம் எடுத்துத் திரையில் வந்திருக்கிறது.

வணிகர்களே, இது உங்கள் கணக்கு!

இந்த விளையாட்டில் 'மின்தொகுப்பு' என்று ஒன்று உண்டு. நிரம்பிய நிலையில் அது ஏழு புள்ளி. கட்டடம் அடிபடும்போதெல்லாம் அது குறையும். பூஜ்யமானால் எல்லாம் முடிந்தது. ரோபோக்கள் மூன்றும் சிறு கீறல்கூட இல்லாமல் நிற்கலாம். களத்தில் பூச்சிகள் செத்துக் குவிந்து கிடக்கலாம். ஆனாலும் தோல்விதான்!

ரோபோவுக்கு விழும் அடி, அந்தப் போர் முடிந்ததும் சரியாகிவிடும். கட்டடத்துக்கு விழும் அடியோ அடுத்த போருக்கும், அதற்கு அடுத்த போருக்கும் தொடர்ந்து வரும். புரிகிறதா? ரோபோ உங்கள் உழைப்பு. இன்று களைத்தாலும் நாளை எழுந்துவிடும். மின்தொகுப்பு உங்கள் முதல். கரைந்தால் எளிதில் திரும்பாது. பக்கத்துக் கடைக்காரனை வீழ்த்துவதற்காக வாங்கிய விலைக்கும் கீழே விற்று, கடைசியில் தன் முதலையும் இழந்து நின்ற எத்தனை பேரைக் கடைவீதியில் பார்த்திருக்கிறோம்! 'அவனை ஓட்டிவிட்டேன்' என்ற பெருமை மட்டும் மிஞ்சியது. ஷட்டரை இறக்க வேண்டியதாயிற்று.

இத்தனை பூச்சிகளைக் கொல்ல வேண்டும் என்ற இலக்கும் சில போர்களில் உண்டு. மறைக்க வேண்டியதில்லை. அதைத் தவறவிட்டால் ஒரு வெகுமதி போகும், அவ்வளவுதான். மின்தொகுப்பு போனால் எல்லாமே போகும். எது பெரிது என்பதை விளையாட்டே சொல்லிவிடுகிறது.

இடிந்த வீட்டில் யார் இருந்தார்கள்?

2013ல் ஹாலிவுட்டிலிருந்து 'மேன் ஆஃப் ஸ்டீல்', 'பசிபிக் ரிம்' என்று இரண்டு படங்கள் வந்தன. முன்னதில் வானில் பறக்கும் வீரன். பின்னதில் ராட்சத ரோபோக்கள். இரண்டிலும் நாயகன் வெல்கிறான். வழியில் நகரங்கள் நொறுங்குகின்றன. அந்த மாடிகளில் யார் இருந்தார்கள், அடுப்பில் என்ன கொதித்துக்கொண்டிருந்தது, பள்ளியிலிருந்து பிள்ளை திரும்பியிருந்ததா? படம் கேட்கவில்லை. பார்த்தவர்களில் பலரும் கேட்கவில்லை. கைதட்டிவிட்டு வந்தார்கள்.

இப்படிப்பட்ட படங்களைப் பார்த்து எழுந்த கேள்விதான் இந்த விளையாட்டின் விதை. வீரர்கள் மோதும்போது நகரத்துக்கு என்ன ஆகிறது? அந்தக் கேள்வியையே விதியாக்கி, ஆடுகிறவனின் தலையில் வைத்துவிட்டார்கள். நீ விட்ட குண்டு வீட்டின் மேல் விழுந்தாலும் மின்தொகுப்பு குறையும். 'எதிரி பக்கத்தில் இருந்தான், என்ன செய்வது?' என்ற சாக்கு அங்கே செல்லாது. உலகின் பெரிய ராணுவங்களுக்கெல்லாம் கிடைக்கிற அந்தச் சாக்கு, ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் கிடைப்பதில்லை! வெட்கப்பட வேண்டியவர்கள் வெட்கப்படட்டும்.

ஒரு பெரிய பொய்

இனி உங்களிடம் பேசுகிறோம், வாலிபர்களே! பாராட்டியதைக் கேட்டு இரவெல்லாம் ஆட உரிமைச் சீட்டு கிடைத்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். ஒரு போர் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அடுத்த போர் காத்திருக்கும். 'இன்னும் ஒன்றே ஒன்று' என்பதில்தான் இரவுகள் கரைகின்றன. 64 கட்டங்களில் ஒரு வீட்டைக்கூட விடாமல் காக்கிறவன் தன் நேரத்தைக் காக்கத் தெரியாமல் நின்றால், அவன் கற்ற வித்தை எதற்கு?

இன்னொன்று உண்டு. அதுதான் முக்கியம். இந்த விளையாட்டில் தோற்றுவிட்டால் ஒரு வழி இருக்கிறது. உயிரோடிருக்கும் ஓட்டுநர் ஒருவரைக் காலத்தின் பிளவு வழியாக வேறொரு காலத்துக்கு அனுப்பிவிடலாம். அவர் கற்ற திறமையோடு அங்கே போய் முதலிலிருந்து தொடங்கலாம். ஒரு போரில் ஒரு முறை, ஆடியதை அழித்து மறுபடி ஆடவும் வசதி உண்டு.

நீங்கள் வாழும் தெருவில் அந்த வசதி இல்லை, தம்பி! ஆத்திரத்தில் வீசிய கல்லைத் திரும்ப அழைக்க முடியாது. எரிந்த கடை பட்டனைத் தட்டினால் எழுந்து நிற்காது. உங்கள் தாய்க்கு வேறொரு காலத்தில் வேறொரு மகன் இல்லை. திரையில் கற்ற நிதானம் தெருவில் ஆயிரம் மடங்கு தேவை. அங்கே தோற்றால் ஒரு மணி நேரம் போகும். இங்கே தோற்றால் போவது திரும்பாது.

பெற்றோரே, இன்று இரவு மகன் ஆடிக்கொண்டிருந்தால் சத்தம் போடுவதற்கு முன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். 'எத்தனை பூச்சியைக் கொன்றாய்?' என்று கேட்காதீர்கள். 'எத்தனை வீட்டைக் காப்பாற்றினாய்?' என்று கேளுங்கள். அவன் திரும்பிப் பார்ப்பான். அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். கம்ப்யூட்டரை அணைக்கும் நேரத்தையும் அந்தப் பேச்சிலேயே முடிவு செய்யுங்கள்!