தண்டவாளத்தில் நசுங்கிய காசு ‘எரர் காயின்’ ஆகாது

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவர் இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றை என் மேசையில் வைத்தார். ஓரத்தில் பிறை நிலா அளவுக்கு ஒரு துண்டு இல்லை. “எரர் காயின் சார். மூணு லட்சம் போகும்னு வீடியோவுல சொல்றாங்க” என்றார். அதற்காக ஐயாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தேன். வெட்டுப்பட்ட இடத்தில் அரம் ஓடிய கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. அந்தக் காசின் மதிப்பு இரண்டு ரூபாய்தான்.

‘நாணயத்தில் எது மாறித் தெரிந்தாலும் அது அக்கசாலையின் பிழை, பிழை என்றாலே லட்சம்’ என்ற பேச்சு இன்று ஊரெங்கும் பரவியிருக்கிறது. இந்த இரண்டு பாதியுமே தவறு.

இந்தியாவில் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் அக்கசாலைகள் உள்ளன. எங்கே அடித்தாலும் படிகள் ஒன்றுதான். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லையை வெட்டுகிறார்கள். அதன் விளிம்பை உருட்டி உயர்த்துகிறார்கள். சூடேற்றி இளக்குகிறார்கள். பிறகு ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் உள்ள அச்சுகளால் ஒரே அடி. உண்மையான பிழை இந்தப் படிகளில் ஏதாவது ஒன்றில் பிறந்திருக்க வேண்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் குறை எந்தப் படியில் வந்தது? அதைச் சொல்ல முடியாவிட்டால் அது பின்னால் நேர்ந்த சேதம். இதை வைத்து, அடிக்கடி காதில் விழும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் அது அக்கசாலைப் பிழை.”

வில்லை வெட்டும்போது தகடு சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே அடுத்த வெட்டு விழும். வில்லை பிறை குறைந்து பிறக்கும். அந்தக் குறையோடுதான் அது விளிம்பு உருட்டும் எந்திரத்துக்குள் போகிறது. பிறை இருக்கும் பக்கம் அழுத்தம் கிடைக்காததால், அதற்கு நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பும் சரியாக எழும்பாது. அடி விழும்போது பிறையை ஒட்டிய எழுத்துகள் வெற்றிடத்தை நோக்கி இழுபட்டு மங்கும். மாணவர் கொண்டுவந்த காசில் எதிர்விளிம்பு முழுசாக இருந்தது. வெட்டின் ஓரத்து எழுத்து கத்தியால் நறுக்கியதுபோல் பாதியில் நின்றது. அடித்து முடித்த பிறகு யாரோ அராவியிருக்கிறார்கள். பிழையானாலும் அராவியதானாலும் எடை குறையத்தான் செய்யும் என்பதால், இங்கே தராசு மட்டும் போதாது, எதிர்விளிம்புதான் சாட்சி.

“படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறிக் குழிந்திருந்தால் அது அபூர்வம்.”

அடித்த நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையின் மேல் அதுவே அச்சாக இறங்கினால் இப்படி ஒரு பிழை வரும். அதே தோற்றத்தை ஒரு பட்டறையிலும் உண்டாக்கலாம்: இரண்டு காசுகளைச் சேர்த்து வைஸில் வைத்து முறுக்கினால் போதும். அக்கசாலையில் வந்ததானால் அந்தப் பக்கத்தில் குழிந்த படம் மட்டுமே இருக்கும். வைஸில் நெரித்ததில் காசின் சொந்தப் படம் அடியில் அப்படியே கிடக்கும். மேடான இடங்கள் மட்டும் தட்டையாகி, அவற்றின்மேல் மற்றக் காசின் தடம் பதிந்திருக்கும்.

“எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் இரட்டை அச்சு.”

அமெரிக்காவின் 1955-ஆம் ஆண்டு லிங்கன் ஒரு சென்ட் நாணயம்தான் இந்த வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அங்கே அச்சைத் தயாரிக்கும்போதே உருவம் இருமுறை சற்று விலகிப் பதிந்துவிட்டது. அதனால் இரண்டு உருவங்களும் ஒரே உயரத்தில் உருண்டையாக நிற்கும், எழுத்து அகன்றிருக்கும், முனைகளில் பிளவு தெரியும். நம் கையில் அகப்படுவது பெரும்பாலும் வேறு: அடி விழுந்த கணத்தில் தளர்ந்த அச்சு நகர்ந்து எழுத்தின் ஓரத்தைத் தேய்த்துவிடும். அங்கே படிக்கட்டுபோல் தட்டையான ஒரு தளம் தெரியும். எழுத்து அகலாமல் மெலியும். இதுவும் அக்கசாலையில் நேர்வதுதான். ஆனால் அச்சில் குறை இல்லை. மிகச் சாதாரணமாக நடப்பது என்பதால் சேகரிப்பாளர்கள் இதற்குக் கூடுதல் விலை தருவதில்லை.

“அகலமாக இருந்தால் வளையம் இல்லாமல் அடித்தது, மெல்லியதாக இருந்தால் மெல்லிய வில்லையில் அடித்தது.”

சிறுவயதில் ரயில் தண்டவாளத்தில் காசு வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் விடை தெரியும். சக்கரம் ஏறிய காசில் படமும் சேர்ந்து ஒரு திசையில் நீளும். வளையம் இல்லாமல் அடித்ததில் உலோகம் எல்லாப் பக்கமும் பரவியிருக்கும்; நடுவில் உள்ள படம் கூர்மை குறையாமல் நிற்கும். மெல்லிய காசுக்கு ஒரு ஸ்கேல் போதும். உண்மையிலேயே மெல்லிய வில்லையில் அடித்ததானாலும், வளையத்துக்குள் அடித்ததால் குறுக்களவு மாறாது. அமிலத்தில் ஊறவைத்த காசு எல்லாப் பக்கமும் கரைந்திருக்கும்: 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய 2011 வரிசை இரண்டு ரூபாய் அதைவிடச் சிறுத்திருக்கும், 4.85 கிராம் எடையும் குறைந்திருக்கும், எழுத்துகள் கரைந்த சோப்பில் உள்ளவைபோல் மழுங்கியிருக்கும்.

“இருக்க வேண்டியது இல்லையென்றால் அது பிழை.”

ஆண்டு எண்ணுக்குக் கீழே அக்கசாலைக் குறி இல்லாத காசுகளைக் ‘குறி விடுபட்டது’ என்று விற்கிறார்கள். மும்பைக்கு வைரம், ஹைதராபாதுக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தா குறியே போடுவதில்லை. விற்பவர் கையில் இருப்பது சாதாரணக் கொல்கத்தா நாணயம்.

அமெரிக்காவின் டென்வர் அக்கசாலையின் 1937 எருமை நாணயம் உண்மையான விடுபடல். அச்சை அளவுக்கு மீறித் தேய்த்து மெருகிட்டதால் எருமையின் முன்கால் ஒன்று மறைந்தது. அதைப் பார்த்துப் பலர் சாதாரண எருமை நாணயத்தின் காலைச் சுரண்டி எடுத்து விற்றார்கள். உண்மையானதில் வயிற்றுக்குக் கீழே சிறு மேடுகள் ஒரு கோடாக இறங்கும். சுரண்டியதில் கருவியின் கீறல்தான் இருக்கும். அதிகமாகத் தேய்த்த அச்சு காசில் மேடாகப் பேசும், சுரண்டிய கை பள்ளமாகப் பேசும்.

“பிழை என்றாலே லட்சம்.”

உண்மையான பிழையே ஆனாலும் விலை என்பது அது எவ்வளவு அரிது, எவ்வளவு பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. சிறிய அச்சு விரிசல் உள்ள காசுகள் ஏராளம். அவற்றைக் கேட்பார் குறைவு. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கி விற்பதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. தான் அந்த வியாபாரத்தில் இல்லை, யாரிடமும் எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்றும் தெளிவாகச் சொன்னது.

‘இந்தச் சந்தை முழுதும் ஏமாற்று’ என்று ஒதுக்கிவிடுவதையும் நான் ஏற்கவில்லை. அடி விலகி விழுந்த காசும், பிறை குறைந்து பிறந்த வில்லையும் அக்கசாலையில் நடந்ததை உலோகத்திலேயே எழுதிவைத்திருக்கும் ஆவணங்கள். அரம் பிடித்தவர்கள் அந்த ஆவணங்களின் மீதுள்ள நம்பிக்கையைத்தான் கெடுக்கிறார்கள்.

எனவே பணத்தை எடுப்பதற்கு முன் லென்ஸை எடுங்கள். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், நிறுத்துப் பாருங்கள், அதே ஆண்டின் நல்ல காசு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். பிறகு விற்பவரிடமே கேளுங்கள்: “இது எந்தப் படியில் வந்த பிழை?” அவருக்குப் பதில் தெரியவில்லை என்றால், அந்தக் காசின் முகமதிப்புக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.