ஏழாம் மாதத்துக்குப் பிறகு யார் கவனிப்பது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் விடிகாலையில் தெருவில் பாவு நீட்டுகிற வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் வந்து கை கொடுப்பார்கள். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பது வெயில் ஏறுவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். இப்படி ஒரு தெருவிலிருந்துதான் எச்.ஐ.வி. தொற்றுள்ள கர்ப்பிணி மாத்திரை வாங்கப் போய்வர வேண்டும். போகிற நாளில் தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் இல்லை. “எங்கே போய்விட்டு வருகிறாய்?” என்ற கேள்விக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

இதற்கான மருத்துவம் நம் கையில் இருக்கிறது. சிகிச்சையே இல்லாவிட்டால் தொற்றுள்ள 100 தாய்மாரில் 15 முதல் 45 பேரின் குழந்தைக்கு அது போய்ச் சேரும். தாய் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, பிறந்த குழந்தைக்கும் குறைந்தது ஆறு வாரம் நெவிரபின் சிரப் கொடுத்தால், தாய்ப்பால் கொடுத்தாலும்கூட இது ஐந்துக்குக் கீழே இறங்கிவிடும். தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஆயுள் முழுக்க மருந்து என்ற முடிவு 2014-லேயே நாடு முழுவதும் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். கர்ப்பம் பதிவானதும் அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை மையமான நம்பிக்கை மையத்தில் ரத்தப் பரிசோதனையும் இலவசம். 2004 ஏப்ரலில் அரசின் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை நாட்டிலேயே முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று, அன்றைக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் இருந்த தாம்பரம் சானட்டோரியம். குழந்தைகளுக்கென்று தனித் திட்டம் 2006 நவம்பரில்தான் வந்தது. அதுவரை பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுத்த காலம். அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்ததற்கு அரசையும் சுகாதாரப் பணியாளர்களையும் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஏழாம் மாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். செய்யாறோ வந்தவாசியோ ஆரணியோ, பாலாற்றைத் தாண்டிப் போனால் திருவண்ணாமலை மாவட்டம், வேறு மருத்துவமனை, வேறு செவிலியர். புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டுவந்த மாத்திரையை, பிறந்த வீட்டில் புதிதாக மறைக்க வேண்டியிருக்கிறது. குழந்தை அங்கே பிறக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ காஞ்சிபுரம் திரும்புகிறது. நடுவில் வர வேண்டிய ஆறாம் வாரத்துப் பரிசோதனைக்குப் பொறுப்பு எந்த மாவட்டம்?

அந்தப் பரிசோதனை ஒன்றும் பெரிய வேலையில்லை. குழந்தையின் குதிகாலில் ஒரு குத்து. வட்டங்கள் அச்சடித்த கனத்த வடிதாள் அட்டையில் துளித்துளியாக ரத்தத்தை விட்டு, காயவைத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஐஸ் பெட்டிகூட வேண்டாம். தாயின் எதிர்ப்பணுக்கள் குழந்தையின் ரத்தத்தில் பதினெட்டு மாதம் வரைகூடத் தங்கும் என்பதால், சாதாரணப் பரிசோதனை பச்சைக் குழந்தைக்கு உதவாது. அதனால்தான் வைரஸையே தேடும் இந்த முறை. ஆறாம் வாரம், ஆறாம் மாதம், ஓராண்டு என்று பார்த்துவந்து, பதினெட்டாம் மாதத்தில்தான் ‘தொற்று இல்லை’ என்று உறுதியாகச் சொல்ல முடியும். தொற்று ஏற்பட்டு மருந்து கிடைக்காத குழந்தைகளில் பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. கண்டுபிடித்த உடனே மருந்து தொடங்கினால் மரணம் நான்கில் மூன்று பங்கு குறைகிறது என்று தென்னாப்பிரிக்க ஆய்வொன்று 2008-லேயே காட்டிவிட்டது. ஆகவே பிரசவம் நல்லபடியாக முடிந்தது என்று கோப்பை மூடக்கூடாது. பதினெட்டாம் மாத முடிவு வந்த பிறகே மூட வேண்டும்.

சாத்தூர் நினைவிருக்கிறதா? 2018 டிசம்பரில், அரசு மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தால் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்று ஏற்பட்டது. மாநிலமே கொதித்தது. அவருக்கு உடனே சிகிச்சை தொடங்கி, மதுரையில் நாள்தோறும் கவனித்தார்கள். 2019 ஜனவரியில் பிறந்த குழந்தைக்குத் தொற்று வரவில்லை. நடந்தது மன்னிக்க முடியாத தவறு. ஆனால் எல்லாக் கண்களும் ஒரு தாயின் மீது இருந்தபோது குழந்தையைக் காப்பாற்ற முடிந்திருக்கிறது. பத்திரிகையில் வராத தாய்க்கும் அதே கவனம் வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

இப்படிக் கவனிக்கச் செவிலியர் பின்தொடர்ந்து வீட்டுக்குப் போனால் ரகசியம் உடைந்துவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே வீட்டுக் கதவைச் செவிலியர் திரும்பத் திரும்பத் தட்டினால் தெரு பேசத்தான் செய்யும். வழி தடுப்பூசி அட்டையிலேயே இருக்கிறது. ஆறாம் வாரம் முதல் பென்டா ஊசி. ஒன்றரை வயது வாக்கில் ஊக்க ஊசி. புதன்கிழமை தடுப்பூசி நாளில் ஊர்க் குழந்தைகள் எல்லாம் அழுதுகொண்டுதான் வருகின்றன. அந்தக் கூட்டத்தோடு வந்து, தனி அறையில் குதிகால் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிற குழந்தையை யாரும் தனித்துப் பார்க்கப் போவதில்லை. எந்த மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையமாக இருந்தாலும் இதைச் செய்ய வேண்டும். தாய்வீடு போகும் பெண்ணின் கையில் மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தனுப்ப வேண்டும்.

இன்னொன்று, கணவர்கள். 2000-களின் தொடக்கத்தில் சுவரெங்கும் புள்ளிராஜா என்ற எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் இருந்தது. புள்ளிராஜாவைப் பற்றி ஊரே பேசியது. அவர் மனைவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. குடும்பத்தில் முதலில் பரிசோதிக்கப்படுவது கர்ப்பிணிதான். அதனால் முதலில் தெரியவந்தவளே கொண்டுவந்தவள் ஆகிவிடுகிறாள். முதல் பரிசோதனையிலேயே கணவரையும் உட்காரவைக்க வேண்டும். மூன்றாம் மாதம் ‘இல்லை’ என்று வந்த கர்ப்பிணிக்கும் அதன் பிறகு தொற்று வரலாம். புதிதாக வந்த தொற்றில் வைரஸ் அளவு மிக அதிகம், குழந்தைக்குப் போகும் வாய்ப்பும் அதிகம். எனவே தாய்வீடு போகும் முன் இரண்டாவது பரிசோதனை எல்லாருக்கும் வேண்டும். பாதிப்பு விகிதம் இவ்வளவு குறைந்த மாநிலத்தில் இது வீண்செலவு என்ற வாதத்தை ஏற்பதற்கில்லை. ஒரே குத்தில் எச்.ஐ.வி.யையும் மேகப்புண்ணையும் சேர்த்துப் பார்க்கும் பட்டைகள் வந்துவிட்டன. பக்கத்து இலங்கை இவ்விரண்டும் தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்ததாக 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அங்கே தொற்று நம்மைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனாலும் அவர்கள் சோதிப்பதை விட்டுவிடவில்லை.

வளர்ந்த பிள்ளைகளின் கதை வேறு. பிறக்கும்போதே தொற்றோடு பிறந்து, மருந்தால் பிழைத்தவர்கள் இன்று பத்தாம் வகுப்பிலும் கல்லூரியிலும் இருக்கிறார்கள். பலருக்கு அது ‘சத்து மாத்திரை’ என்றுதான் வீட்டில் சொல்லப்பட்டிருக்கும். பதினான்கு வயதில் உண்மை வேறு யார் வாயிலாகவோ தெரியவரும்போது, முதலில் தூக்கியெறியப்படுவது அந்த மாத்திரைதான். பத்து வயதிலிருந்தே ஆலோசகர் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வதே சரி.

சட்டத்தில் ஒரு விநோதமும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி, பாதிக்கப்பட்ட குடும்பத்தைச் சுமக்கும் 12 வயதுக்கு மேற்பட்ட அக்கா தன் தம்பிக்குக் காப்பாளராகலாம்; பள்ளியில் சேர்க்கலாம், சிகிச்சைக்குக் கையெழுத்திடலாம். அதே அக்கா தனக்குப் பரிசோதனை செய்துகொள்ள நினைத்தால், 18 வயது ஆகும்வரை பெரியவர் ஒருவரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது நடைமுறை. இதை மாற்ற வேண்டும்.

ஆனால் தாய்வீடு போகும் பெண்ணைக் காஞ்சிபுரம் மாவட்டம் திருவண்ணாமலை மாவட்டத்திடம் பெயர் வெளியே தெரியாமல் ஒப்படைக்கவும், திரும்பப் பெற்றுக்கொள்ளவும் புதிய சட்டம் தேவையில்லை, புதிய கட்டடம் தேவையில்லை. சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். அதை உடனே அனுப்புங்கள்.