ஏழு நாள் சாப்பிட்ட டீம்

பொய் டி.ஏ. பில் எழுதுகிற குமாஸ்தாக்களுக்கு நரகத்தில் தனி செக்‌ஷன் இருந்தால், எனக்கு அங்கே சீனியாரிட்டி நிச்சயம். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆபீஸ் வரைக்கும் பொடிநடையாகப் போய்விட்டு, 'ஆட்டோ சார்ஜ்' என்று எழுதியவன் நான். எத்தனை தடவை என்று கேட்டால் காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பேச்சை மாற்றிவிடுவேன். ஆகவே, பிரயாண பில் பற்றி நான் பேசினால் அதை அனுபவஸ்தனின் வாக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மன்னார்குடி ஹரித்ராநதிக் கரையில் எங்கள் வீட்டுத் திண்ணை. அக்கா மகன் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதைவிட இறக்கி வைக்கப்பட்டான் என்பது சரி. இடது கணுக்கால் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது.

பையன் கபடி ஆடுகிறவன். டெல்டாவில் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரி. பேர் வேண்டாம். வெளிமாநிலத்தில் ஏதோ டோர்னமெண்ட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தான்.

"எப்படிடா போனீங்க?"

"அன்ரிசர்வ்டுல மாமா. பாத்ரூம் பக்கத்துல பேப்பர விரிச்சு உக்காந்துகிட்டே போனோம்."

"ராத்திரி பூராவா?"

"ராத்திரி பூரா. காலைல எட்டு மணிக்கு எறங்கினோம். பத்தரைக்கு மேட்ச்."

"ஜெயிச்சீங்களா?"

என்னை ஒரு பார்வை பார்த்தான். வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

"முதல் மேட்ச்லயே அவுட் மாமா. அன்னிக்கு சாயங்காலமே வண்டி ஏறிட்டோம்."

"செலவுக்கு?"

"அம்மாகிட்ட ஆயிரம் ரூவா வாங்கிட்டுப் போனேன். காலேஜ்ல பின்னாடி தருவாங்களாம். வவுச்சர்ல கையெழுத்துப் போட்டாச்சு."

"எவ்வளவுன்னு எழுதியிருந்துச்சு?"

"ஒண்ணும் எழுதல. காலியாத்தான் இருந்துச்சு. ஸ்டாம்ப் மட்டும் ஒட்டியிருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. காரணம், 1993-ல் நானும் இதே மாதிரி ஒரு காலி வவுச்சரில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாலிபால் டீம். வேறு கல்லூரி, அதற்கும் பேர் வேண்டாம். அப்போது மன்னார்குடிக்கு ரயிலே கிடையாது. நீடாமங்கலத்துக்கு பஸ் பிடித்துப் போய் ரயில் ஏற வேண்டும். விளையாட்டு வீரர்களுக்கு அப்போது ரயிலில் கன்செஷன் இருந்தது. டிக்கெட் கன்செஷனில் வாங்குவார்கள், பில் முழுக் கட்டணத்துக்கு எழுதுவார்கள் என்று ஊருக்கே தெரியும். 2011 செப்டம்பரில் மன்னை எக்ஸ்பிரஸ் வந்தது. ஊருக்கு ரயில் வந்துவிட்டது. அந்த வவுச்சரில் தொகை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

"காலேஜ்ல கேக்க வேண்டியதுதானே?"

"ஐயோ, வேணாம் மாமா. கேட்டா அடுத்த டீம்ல என் பேரு இருக்காது."

அவன் பயத்தில் நியாயம் இருந்தது. அப்பா இல்லாத பையன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைக்கும் என்று அக்கா காத்திருக்கிறாள். வேலைக்கு சர்டிஃபிகேட் வேண்டும். சர்டிஃபிகேட்டுக்கு டீமில் பேர் வேண்டும். டீமில் பேருக்கு பி.டி. ஸார் மனசு வைக்க வேண்டும்.

மறுநாள் கோர்ட் வாசலில் ஸ்டாம்ப் வெண்டரிடம் பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கினேன். பையனிடம் சொல்லவில்லை.

* * *

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005. நம்மில் பல பேர் இதைப் பட்டா மாறுதலுக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கடுப்பேற்றவும் மட்டும்தான் உபயோகிக்கிறோம். பத்து ரூபாய்தான் கட்டணம். 'எதற்குக் கேட்கிறாய்' என்று அவர்கள் கேட்கக் கூடாது. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தக்க காரணம் இல்லாமல் இழுத்தடித்தால், அந்த அலுவலருக்கு நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரைக்கும் தகவல் ஆணையம் அபராதம் போடலாம். பதில் வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு இரண்டு படி உண்டு.

இதில் பெருமைப்பட ஒரு விஷயம். இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம் நம் தமிழ்நாடு. 1997-லேயே போட்டோம். ஆனால் அதில் எதைத் தர வேண்டாம் என்கிற பட்டியல் நீளம். கல்யாணப் பத்திரிகை கொடுத்துவிட்டு, 'சாப்பாடு கிடையாது' என்று கீழே சின்ன எழுத்தில் போட்ட மாதிரி.

உண்மையான பந்தி ராஜஸ்தானில்தான் ஆரம்பித்தது. மன்னார்குடியில் ஏறினால் அந்த மாநிலத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும் வாராந்திர ரயில் ஒன்று இருக்கிறது, தெரியுமோ? 1994 டிசம்பரில் அங்கே கோட் கிரானா என்ற கிராமத்தில், அருணா ராய் முதலானவர்கள் இருந்த மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் ஒரு காரியம் செய்தது. பஞ்சாயத்து வேலைக் கணக்கை ஊர் ஜனங்களைக் கூட்டி வைத்து உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான். 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. 'எங்க காசு, எங்க கணக்கு' என்பதுதான் கோஷம். அதிலிருந்து வளர்ந்துதான் 2005-ல் நாட்டுக்கே சட்டம் வந்தது.

'நாங்கள் தனியார் கல்லூரி, எங்களுக்குப் பொருந்தாது' என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதற்கும் விடை இருந்தது. அரசுப் பணத்தில் கணிசமாக நடக்கிற கல்வி நிலையங்கள் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவைதான் என்று, டி.ஏ.வி. காலேஜ் டிரஸ்ட் வழக்கில் 2019 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

27-ம் நாள் பதில் வந்தது. 'ஆவணங்கள் அதிகம் இருப்பதால் நேரில் வந்து பார்வையிடலாம்.' லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அந்த லீவுக்கு நிஜமான காரணம் எழுதியது என் சர்வீஸில் அபூர்வம்.

* * *

ஃபைலை ஒரு ஸ்டீல் மேஜையில் வைத்தார்கள். எதிரே பி.டி. ஸார். ரிட்டயர் ஆக ரெண்டு மூணு வருஷம் இருக்கும். கழுத்தில் விசில் கயிறு. என்னைப் பார்த்து அவர் முகம் ரெஃப்ரி தப்பாகக் கொடுத்த பாயிண்ட் மாதிரி இருந்தது.

புரட்டினேன். கபடி டீம். பன்னிரண்டு ஆட்டக்காரர்கள், கோச், மேனேஜர். பதினாலு பேருக்கும் போகவர ஸ்லீப்பர் கட்டணம். தங்கும் செலவு. உள்ளூர் வண்டிச் செலவு. அப்புறம் தினப்படி, ஆளுக்கு ஏழு நாள்.

காலை பத்தரைக்கு ஆடித் தோற்று, சாயங்காலமே ரயில் ஏறிய டீம், அந்த ஊரில் ஏழு நாள் சாப்பிட்டிருந்தது! ஜெயித்த டீம்கூட இவ்வளவு சாப்பிட்டிருக்காது.

வவுச்சரில் அக்கா மகன் கையெழுத்து. மேலே தொகை, வேறு மையில், வேறு கையெழுத்தில்.

"ஸார், பையன் அன்ரிசர்வ்டுல போனேங்கறான்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மேஜை டிராயரைத் திறந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்துப் போட்டார்.

"இதையும் பாத்துருங்க ஸார். இதை நீங்க கேக்கல. ஆனாலும் பாருங்க."

உள்ளே தேதிவாரியாகப் பொடி எழுத்தில் கணக்கு. எண்ட்ரி ஃபீஸ். கிரேப் பேண்டேஜ். ஐஸ் கட்டி. எக்ஸ்-ரே (அது நம்ம பையனுடைய கணுக்கால்). ஆட்டோ. ஷூ இல்லாத பையனுக்கு ஷூ. போன வருஷம் சாங்க்‌ஷன் ஆகாத ஒரு டோர்னமெண்ட் செலவு.

"கிரேப் பேண்டேஜை எந்த ஹெட்ல ஸார் எழுதறது? அதுக்கு ஹெட்டே இல்ல. அட்வான்ஸ் கேட்டா பில்லக் கொண்டாங்கறாங்க. பில்லக் கொண்டு போனா மார்ச்சுல பாக்கலாங்கறாங்க. அதுவரைக்கும் யார் காசு? பசங்கள கூட்டிட்டுப் போகாம இருக்கலாம். இருந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

நான் கணக்குப் பிள்ளை. அங்கேயே கூட்டிப் பார்த்தேன். நோட்டுக் கணக்கும் ஃபைல் கணக்கும் கிட்டத்தட்ட வந்தன. முழுசாக ஒட்டவில்லை. கொஞ்சம் இடித்தது. அந்தக் கொஞ்சம் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதுகிற நிமிஷம் வரை தெரியாது.

திருடனைப் பிடிக்கிற உற்சாகத்தில் போனவனுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. பொய்க் கணக்கில் நல்லவனும் திருடனும் ஒரே கையெழுத்தில்தான் இருப்பார்கள். கணக்கு மூடிக் கிடக்கிறவரைக்கும் இவர் எந்த வகை என்று நிரூபிக்க அவராலேயே முடியாது. நஷ்டம் பையனுக்கு மட்டும் இல்லை.

"ஸார், போறதுக்கு முன்னாடியே போர்டுல ஒட்டிட்டா என்ன?" என்றேன்.

"எதை?"

"எத்தனை பேர், என்ன கிளாஸ் டிக்கெட், ஒரு நாளைக்கு எவ்வளவு படி, எவ்வளவு சாங்க்‌ஷன், எவ்வளவு கைக்கு வந்துச்சு. திரும்பி வந்ததும் நிஜச் செலவு. பேண்டேஜ் உட்பட. பேண்டேஜுக்கு ஹெட் இல்லேங்கறதையும் சேர்த்து ஒட்டுங்க."

இது என் மூளையில் உதித்தது இல்லை. சட்டத்தின் 4-வது பிரிவிலேயே இருக்கிறது. பட்ஜெட்டையும், பணம் கொடுத்த விவரத்தையும், யாரும் கேட்காமலேயே அலுவலகம் தானாக வெளியிட வேண்டும். சட்டம் வந்த 120 நாளுக்குள் செய்திருக்க வேண்டிய வேலை. அப்படிச் செய்திருந்தால் என் பத்து ரூபாய் மிச்சம்.

அமெரிக்காவிலும் இந்தக் கூத்து உண்டு. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் தங்கள் டீம்களின் வரவு செலவை வருஷா வருஷம் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். அதில் 'டீம் பிரயாணம்' என்று தனி வரியே இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் மாநிலச் சட்டப்படி அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். தனியார் பல்கலைக்கழகங்கள் அந்தச் சட்டத்தில் சிக்காது. அங்கே தகராறு தனி விமானத்தைப் பற்றி. இங்கே பாத்ரூம் பக்கத்து நியூஸ்பேப்பரைப் பற்றி. கேள்வி ஒன்றுதான்: யார் காசு, யார் போனார்கள், எப்படிப் போனார்கள்?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் உத்தரமேரூர் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 1100 வருஷம் பழசு. குடவோலையில் பேர் போட யாருக்கெல்லாம் தகுதி இல்லை என்று ஒரு பட்டியல். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் கிடையாது. அவனுடைய மாமன் கிடையாது, மச்சான் கிடையாது, அக்கா தங்கை மகன்கூடக் கிடையாது! இந்த விதி இன்றைக்கும் இருந்தால் பல ஊரில் தேர்தலில் நிற்க ஆள் கிடைக்காது. 'மன்னார்குடி மதிலழகு' என்பார்கள். கணக்கு எழுதின மதில் அதைவிட அழகு.

வாசகர்களுக்கு ஒரு டிப்ஸ். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8-வது பிரிவைத் திருத்தி, 'தனிநபர் விவரம்' என்று மறுக்கிற வாசலை அகலமாக்கியிருக்கிறது. அதனால் பேர் கேட்காதீர்கள். தொகை கேளுங்கள், தேதி கேளுங்கள், தலைப்பு வாரியாகக் கேளுங்கள். பேருக்குத்தான் அந்தரங்கம். பேருந்துக் கட்டணத்துக்கு என்ன அந்தரங்கம்?

* * *

அடுத்த டீம் லிஸ்டில் அக்கா மகன் பேர் இல்லை.

கணுக்கால் என்று காரணம் சொன்னார்கள். கணுக்கால் நிஜமாகவே சரியாகவில்லை. ஆனால் அக்கா அதை நம்பவில்லை. ஒரு மாசம் எங்கள் வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை. "உன் பத்து ரூவா ஸ்டாம்ப்புக்கு என் புள்ள வாழ்க்கைதான் கெடச்சுதா?" என்று போனில் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. சட்டத்தில் கேட்டவனுக்குப் பாதுகாப்பு பற்றி நிறையப் பேசலாம், அக்காவிடம் பேச முடியாது. ராத்திரி தூக்கம் வராமல் குளத்தங்கரையில் நடந்தேன்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் பையனிடமிருந்து செல்போனில் ஒரு ஃபோட்டோ வந்தது. வார்த்தை எதுவும் இல்லை. கல்லூரி நோட்டீஸ் போர்டு. அதில் ஒரே ஒரு தாள், பி.டி. ஸார் பொடிக் கையெழுத்தில். ஆட்கள் 14. ஸ்லீப்பர். படி இவ்வளவு, நாள் மூன்று. கடைசி வரியில்: 'பேண்டேஜ், ஐஸ்: தலைப்பு இல்லை. அனுமதி கேட்கப்பட்டுள்ளது.'

நாலு நாள் கழித்து அவனே கூப்பிட்டான்.

"மாமா, நம்ம காலேஜ் மறுபடியும் தோத்துட்டாங்க."

"அடடா."

"ஆனா படுத்துத் தூங்கிட்டுப் போயித் தோத்தாங்க மாமா. ரெண்டாவது ரவுண்டுல."

"நீ எப்படா ஆடப் போறே?"

"அடுத்த மாசம் செலக்‌ஷன். ஸார் வரச் சொல்லியிருக்காரு." கொஞ்சம் நிறுத்தி, "அம்மாகிட்ட ஆயிரம் கேக்க வேண்டாம்னும் சொன்னாரு."

அந்த மாச டி.ஏ. பில்லில் நான் எழுதினேன்: 'பஸ் ஸ்டாண்ட் முதல் அலுவலகம் வரை: நடை. ரூ. 0.00.'

கேஷியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் பார்த்தார்.

"ஏன் ஸார், உடம்பு கிடம்பு சரியில்லையா?"