மெல்லிய கம்பியால் வந்த வினை!
வைத்தியக் கருவிகளில் மாறுதல் செய்வதைச் சுலபமாக்கினால் நன்மையா, தீமையா?

மனிதனின் இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 70 தடவை துடிக்கிறது. சிலருக்கு அது திடீரென்று தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்து விடும். சில நிமிஷங்களுக்குள் சரி செய்யாவிட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

இப்படிப்பட்டவர்களின் மார்பில், தோலுக்கு அடியில், டாக்டர்கள் ஒரு சிறு பெட்டியை வைத்துத் தைத்து விடுகிறார்கள். பெட்டிக்குள் பாட்டரி இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி, ரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குள் போகிறது. துடிப்பு தப்பினால் அந்தக் கம்பியில் மின்சாரம் பாயும். இருதயம் மறுபடியும் ஒழுங்குக்கு வரும். குதிரை மார்பில் உதைத்தது போல் இருக்கும் என்பார்கள், அந்த அதிர்ச்சியை அனுபவித்தவர்கள். ஆனால் உயிர் தப்பி விடும்.

அமெரிக்காவில் மெட்ரானிக் என்ற பெரிய கம்பெனி, 2004-ம் ஆண்டில் இந்தக் கம்பியில் ஒரு மாறுதல் செய்தது. பழைய கம்பியின் கனம் 2.7 மில்லி மீட்டர். புதிய கம்பியின் கனம் 2.2 மில்லி மீட்டர். அரை மில்லி மீட்டர்தான் வித்தியாசம்!

டாக்டர்களுக்கு இது பிடித்திருந்தது. கம்பி மெல்லியதாக இருந்தால் குறுகிய ரத்தக் குழாயிலும் சுலபமாக நுழையும். 'ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ்' என்று கம்பிக்குப் பெயர் வைத்தார்கள். 'ஃபிடெலிஸ்' என்றால் லத்தீன் பாஷையில் விசுவாசமானது என்று அர்த்தம். மூன்றே ஆண்டுகளில், உலகம் முழுவதும் 2 லட்சத்து 68 ஆயிரம் பேருடைய மார்பில் அந்தக் கம்பி ஏறி விட்டது.

பிறகு அது உடைய ஆரம்பித்தது.

டாக்டர் கண்டுபிடித்தார்

கம்பி உடைந்தால் இரண்டு விதமான ஆபத்து உண்டு. அதிர்ச்சி தேவைப்படும்போது மின்சாரம் பாயாமல் போகலாம். அல்லது, ஒரு கோளாறும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குத் திரும்பத் திரும்ப அதிர்ச்சி கொடுக்கலாம்.

மினியாபோலிஸ் நகரில் டாக்டர் ராபர்ட் ஹௌசர் என்ற இருதய நிபுணர், தம்முடைய ஆஸ்பத்திரியில் இந்தக் கம்பிகள் அளவுக்கு மீறி உடைவதைக் கவனித்தார். 2007-ல் அதைப் பத்திரிகையில் வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் கம்பெனி விற்பனையை நிறுத்தியது.

நிறுத்தினால் போதுமா? கடையில் இருக்கும் சரக்கைத் திருப்பி வாங்கலாம். மார்புக்குள் இருப்பதை எப்படி வாங்குவது? சில வருஷங்களில் கம்பியைச் சுற்றித் தசை வளர்ந்து, ரத்தக் குழாயோடு ஒட்டிக் கொள்கிறது. இழுத்தால் குழாயே கிழியலாம். 13 பேருடைய மரணத்துக்கு இந்தக் கம்பி காரணமாக இருக்கலாம் என்று 2009-ல் கம்பெனி அறிவித்தது. அவர்களில் 4 பேர், கம்பியை எடுக்க முயன்றபோது இறந்தவர்கள்!

சர்க்கார் எப்படி அனுமதித்தது?

அமெரிக்காவில் 1976-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி, உடலுக்குள் வைக்கிற ஆபத்தான கருவிகளை விற்பதற்கு முன், 'உணவு, மருந்து நிர்வாகம்' என்ற சர்க்கார் இலாகாவிடம் அனுமதி பெற வேண்டும். மனிதர்களுக்குப் பொருத்திப் பரீட்சை செய்த விவரங்களைக் காட்ட வேண்டும். ஆனால் ஒரு தடவை அனுமதி பெற்ற கருவியில் பிறகு மாறுதல் செய்தால், அதற்கு ஒரு துணை விண்ணப்பம் போதும். புதிதாக மனிதர்களிடம் பரீட்சை செய்யவேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

முனிசிபாலிட்டியில் பிளான் காட்டி வீடு கட்டியவர், பிறகு ஜன்னலை மாற்ற ஒரு மனுப் போடுகிறார். சரி என்று கையெழுத்துப் போடுகிறார்கள். அடுத்த வருஷம் கதவை மாற்ற ஒரு மனு. அதற்கும் சரி. அதே மாதிரி மனுவில் தூணையும் மாற்றுகிறேன் என்றால்?

மெல்லிய கம்பி அப்படித்தான் வந்தது. பரிசோதனைச் சாலையில் யந்திரத்தில் வைத்து வளைத்துப் பார்த்தார்கள். மனிதர்களிடம் பரீட்சை செய்யாமலே 2004-ல் அனுமதி கிடைத்தது. 'செயின்ட் ஜூட்' என்ற கம்பெனியின் 'ரியாட்டா' கம்பியும் இதே வழியில் வந்ததுதான். மேல் உறை தேய்ந்து உள்கம்பி வெளியே தலை நீட்டிய விஷயம் 2011-ல் பெரிய அமளியாயிற்று.

இந்தத் துணை விண்ணப்பங்களை அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் எண்ணிப் பார்த்து, 2014-ல் கணக்கு வெளியிட்டார்கள். 1979 முதல் 2012 வரை இருதயத்துக்கான மின்சாரக் கருவிகளில், முழுப் பரிசீலனை பெற்று வந்தவை 77. அந்த 77-க்குப் பின்னால் வந்த துணை அனுமதிகள் எத்தனை தெரியுமா? 5,829!

இவற்றில் பல மிகச் சாதாரணமானவை. தொழிற்சாலையில் ஒரு முறையை மாற்றியது, லேபிளைத் திருத்தியது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் மனிதர்களிடம் பரீட்சை செய் என்றால் எந்தக் கருவியும் நோயாளியிடம் போய்ச் சேராது. இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொன்று. பரீட்சை செய்திருந்தாலும் குற்றம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். இரண்டரை வருஷத்தில் நூற்றுக்குச் சுமார் 2 கம்பிகள் பழுதாகின என்று கம்பெனி கணக்குச் சொன்னது. 100 பேருக்குப் பொருத்தி ஒரு வருஷம் பார்த்திருந்தால் ஒன்றுகூட உடையாமல் இருந்திருக்கலாம். ஆகவே, அனுமதிக்கு முன்னால் செய்யும் சோதனையைப் போலவே, அனுமதிக்குப் பிறகு வைக்கும் கண்காணிப்பும் முக்கியம். ஆஸ்திரேலியாவில் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டவர்களின் விவரத்தை ஒரே பதிவேட்டில் எழுதி வருகிறார்கள். 'ஏ.எஸ்.ஆர்.' என்ற இடுப்பு மூட்டு சீக்கிரம் கெடுகிறது என்பது அந்தப் பதிவேட்டில் முன்னதாகவே தெரிந்தது. அங்கே 2009-ல் அதை நிறுத்தினார்கள். மற்ற நாடுகளில் 2010 ஆகஸ்டு வரை விற்றது.

கோர்ட்டில் நடந்தது

பாதிக்கப்பட்டவர்கள் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். அங்கே வேறொரு தடை காத்திருந்தது. முழுப் பரிசீலனை செய்து சர்க்கார் அனுமதித்த கருவியின் மீது, மாகாணச் சட்டப்படி வழக்குத் தொடர முடியாது என்று 2008-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருந்தது. 9 நீதிபதிகளில் 8 பேர் அப்படிச் சொன்னார்கள்.

மெல்லிய கம்பி துணை விண்ணப்பத்தில் வந்ததுதானே? ஆனாலும் அதற்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்று கீழ்க் கோர்ட்டு வழக்குகளைத் தள்ளியது. சோதனை என்றால் சின்னக் கதவு. பாதுகாப்பு என்றால் பெரிய கதவு! முடிவில் 2010-ல் கம்பெனி 26 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது.

தாமதமும் ஆபத்து

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். இன்றைய கருவிகளுக்குள் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் ஓட்டை இருந்தால், கெட்ட எண்ணம் கொண்டவன் தூரத்தில் இருந்தே உள்ளே புகலாம்.

2017-ல் அப்படி ஒரு பயம் வந்தது. அமெரிக்காவில் 4 லட்சத்து 65 ஆயிரம் பேருடைய பேஸ்மேக்கர் கருவிகளில் இந்த ஓட்டை இருந்தது. கருவியை வெளியே எடுக்கவில்லை. உள்ளே இருக்கும் கட்டளைகளை மட்டும் திருத்தினார்கள். நோயாளி டாக்டரிடம் போனால் போதும். மூன்று நிமிஷ வேலை. அந்த மூன்று நிமிஷமும் கருவி, நிமிஷத்துக்கு 67 துடிப்பு என்ற கணக்கில் இருதயத்தை ஓட்டிக் கொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட திருத்தத்துக்கு வருஷக்கணக்கில் காத்திரு என்று சொல்ல முடியுமா? அதனால்தான் சட்டத்தை மேலும் தளர்த்தினார்கள். 2022 டிசம்பரில் வந்த சட்டப்படி, "இனிமேல் இன்ன இன்ன மாறுதல்கள் செய்வோம், இப்படி இப்படிச் சோதிப்போம்" என்று கம்பெனி முன்கூட்டியே திட்டம் கொடுக்கலாம். சர்க்கார் அந்தத் திட்டத்தை ஒப்புக்கொண்டால், அதன்படி செய்கிற மாறுதலுக்கு மறுபடி அனுமதி வேண்டியதில்லை. செயற்கை அறிவு கொண்ட கருவிகளுக்கு இதை எப்படி நடத்துவது என்ற விதிகள் 2024 டிசம்பரில் வெளியாயின.

வேகத்தின் இரண்டு முகங்களையும் ஒரே சம்பவத்தில் பார்க்கலாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் இடுப்பில் செருகிக் கொள்ளும் இன்சுலின் பம்பு ஒன்று, செல்போனில் உள்ள 'ஆப்' மூலம் இயங்குகிறது. டாண்டம் என்ற கம்பெனி 2024 பிப்ரவரியில் அந்த ஆப்பின் புதுப் பதிப்பை வெளியிட்டது. ஆப் அடிக்கடி நின்று, தானே மறுபடி கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் பம்போடு பேசிப் பேசி, பம்பின் பாட்டரியைக் குடித்து விட்டது. பாட்டரி தீர்ந்தால் இன்சுலினும் நின்று விடும். தூங்குகிறவருக்கு அது தெரியாமலே போகலாம். 224 பேருக்குத் தீங்கு ஏற்பட்டதாகத் தகவல் வந்தது. நல்லவேளையாக ஒருவரும் இறக்கவில்லை.

மார்ச் மாதத்திலேயே, திருத்திய பதிப்பைப் போட்டுக்கொள்ளும்படி கம்பெனி எல்லோருக்கும் தகவல் அனுப்பியது. கெடுதல் எவ்வளவு சீக்கிரம் பரவியதோ, அவ்வளவு சீக்கிரம் மருந்தும் அதே செல்போன் வழியாக வந்தது. அதோடு, பம்பின் பாட்டரியை உன்னிப்பாகக் கவனித்து, படுக்கப் போகுமுன் நன்றாகச் சார்ஜ் செய்து கொள்ளும்படியும் எச்சரித்தார்கள்.

மெல்லிய கம்பிக்காரர்களுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. பெட்டியின் பாட்டரி சில வருஷங்களில் தீர்ந்துவிடும். புதுப் பெட்டி வைக்க வேண்டிய நாள் வரும்போதெல்லாம், பழைய கம்பியை அப்படியே விட்டு வைப்பதா, பக்கத்தில் இன்னொரு கம்பி செருகுவதா, துணிந்து வெளியே இழுப்பதா என்று டாக்டரும் நோயாளியும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது.