குளிர்பானப் போரில் அடிபடுவது யார்?

குளிர்பானக் கம்பெனிகளுக்குள் பலத்த போட்டியாம். போட்டி வந்தால் விலை இறங்கும், தரம் உயரும், வாங்குகிறவனுக்கே ஆதாயம் என்று நமக்குப் பாடம் சொல்கிறார்கள். அப்படியா? கணக்குப் பார்ப்போம் தோழர்களே! கணக்குப் பார்ப்பது கிராணியின் தொழில். உழைத்த காசு எங்கே போகிறது என்று கேட்பது பால்மரம் சீவுகிறவனின் உரிமை.

முதலில், மோதுகிறவர்கள் யார்? 1883இல் சிங்கப்பூரில் ஜான் பிரேசர், டேவிட் நீவ் என்ற இரு வெள்ளையர் சோடாக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினர். அதுவே எஃப் அண்ட் என். 1936இல் கோக்க-கோலாவைப் போத்தலில் அடைத்து விற்கும் உரிமையும் அதன் கைக்கு வந்தது. 2011 வரை, ஏறத்தாழ 75 ஆண்டுகள், ஆரஞ்சும் கோக்கும் ஒரே வீட்டுச் சரக்கு. 2011இல் பாகம் பிரிந்தது; பங்காளிகள் பகையாளிகள் ஆயினர். பெப்சியை அடைத்து விற்ற பெர்மானிஸ் கம்பெனியை அதே ஆண்டில் ஜப்பானின் அசாகி வாங்கியது. எஃப் அண்ட் என் நிறுவனமோ 2013இல் தாய்லாந்துக் கோடீஸ்வரர் ஒருவரின் ஆதிக்கத்துக்குள் போயிற்று. அட்லாண்டாவும் தோக்கியோவும் பாங்காக்கும் மோதிக்கொள்கின்றன. போர்க்களம் மட்டும் நம் தொண்டை! யானையோடு யானை பொருதினால் நடுவில் சாவது சருகுமான் என்று மலாய்க்காரர்கள் சொல்வது இதைத்தான்.

போரின் ஆயுதங்களைப் பாருங்கள். கடைக்காரருக்குக் குளிர்பெட்டி இலவசம். அதற்குள் வேறு கம்பெனியின் போத்தல் நுழையக் கூடாது. இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. 2005இல் ஐரோப்பிய ஆணையம் விசாரித்த பிறகு, கடையில் வேறு குளிர்பெட்டி இல்லாவிட்டால் தன் பெட்டியில் 20 விழுக்காட்டு இடத்தைக் கடைக்காரர் விருப்பத்துக்கு விடுவதாகக் கோக்க-கோலா உறுதி கூற நேர்ந்தது. போட்டி, போட்டி என்று முழங்குகிறவர்கள் போட்டிக்காரனுக்குக் கால் பங்கு இடம்கூடக் கொடுக்க மாட்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த ஆயுதம், வேர்வை. எஃப் அண்ட் என் தன் நூற்றாண்டை ஒட்டி 1983இல் 100பிளஸ் பானத்தை இறக்கியது. பூப்பந்து வீரர்களின் சட்டையில் அதன் பெயரைப் பொறித்தார்கள். வீரன் குடித்தால் வேகம் வரும். பால் வாளி தூக்குகிறவனும் குடித்தால் அலுப்புத் தீரும் என்ற எண்ணத்தை விளம்பரம் நம் மனத்தில் ஊன்றிவிட்டது. வேர்வையில் போவது நீரும் உப்பும். அவற்றைத் திருப்பித் தர நீராகாரம் போதும். உப்பிட்ட மோர் போதும். நம் பாட்டிகள் எந்தக் கம்பெனிக்கும் காசு கட்டாமல் கண்டறிந்த வழி அது.

இந்தச் சீனிக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று வந்ததல்ல. செபராங் பிறை மண்ணில் ரப்பருக்கு முன் ஆண்டது கரும்பு. 19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது கரும்பு வெட்டத்தான். பிறகே அத்தோட்டங்களில் கரும்பு போய் ரப்பர் வந்தது. 1960களில் நாட்டின் முதல் சீனிச் சுத்திகரிப்பு ஆலை எழுந்ததும் இதே பிறையில்தான். அன்று சீனிக்காக நம் முதுகு ஒடிந்தது. இன்று சீனியால் நம் சிறுநீரகம் ஒடிகிறது. அன்று கூலியாவது கொடுத்தார்கள். இன்று நாமே காசு கொடுக்கிறோம்!

மிகைப்படுத்துகிறோமா? 2023இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு, இனிப்புநீர் வியாதி. இனவாரியாகப் பார்த்தால் முன்வரிசையில் நிற்பது இந்தியர்களே. எந்த லயத்தில், எந்த அடுக்குமாடியில் கால்விரல் இழந்தவரும் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவரும் இல்லை?

அரசாங்கம் வரி போட்டதே என்பார்கள். ஆம், 2019 ஜூலை முதல் தேதி வரி வந்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு 40 காசு. 2024இல் அது 50 காசாயிற்று. 2025 முதல் மேலும் ஏற்றப்பட்டது. நல்லது, வரவேற்கிறோம். கம்பெனிகள் என்ன செய்தன? பல பானங்களின் சீனியை 5 கிராம் கோட்டுக்குச் சற்றே கீழே இறக்கி வரிக்குத் தப்பின. இனி நம் கணக்கு. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் என்றால், அரை லிட்டர் போத்தலில் 25 கிராம், ஐந்து தேக்கரண்டி! ஒரு மனிதன் ஒரு நாளில் இதற்குள் நிறுத்திக்கொண்டால் மேலும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவும் ஏறத்தாழ அதே 25 கிராம்தான். வரிக்குத் தப்பிய போத்தலே ஒரு நாள் கணக்கை முடித்துவிடுகிறது. காலைத் தேத்தண்ணீரின் சீனியை எந்தக் கணக்கில் எழுதுவது?

"யாரும் உன் வாயைத் திறந்து ஊற்றவில்லையே, குடிப்பதும் விடுவதும் உன் இஷ்டம்" என்பார் சிலர். குழாயில் வரும் நீர் கலங்கலாக இருந்தால், வேலைக்காட்டில் குடிநீரே இல்லாவிட்டால், கடையில் குளிர்ந்து நிற்பது கலர் போத்தல் ஒன்றே என்றால், அதற்குப் பெயர் இஷ்டமா? 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. போராடிப் பெற்ற அந்த உயர்வு வீட்டுக்கு வரும் முன்பே விளம்பரம் வாசலில் கைநீட்டி நிற்கிறது.

உள்நாட்டுப் போத்தலுக்கு மாறினால் போதும் என்பாரும் உண்டு. தமிழகத்தைப் பாருங்கள். சல்லிக்கட்டுக் கிளர்ச்சியை அடுத்து, 2017 மார்ச் முதல் தேதியிலிருந்து பெப்சியும் கோக்கும் விற்பதில்லை என்று அங்குள்ள வணிகர் சங்கங்கள் முடிவெடுத்தன. தாமிரபரணித் தண்ணீரை உறிஞ்சுகிறார்கள் என்ற கோபம் நியாயமானது. விருதுநகரில் 1916இல் பிறந்த காளிமார்க்கின் பொவொண்டோவுக்கு மவுசு கூடிற்று. தமிழன் கம்பெனி பிழைத்தால் மகிழ்ச்சியே. ஆனால் முதலாளி தமிழனானால் சீனி சர்க்கரைப் பொங்கலாகிவிடுமா? லேபிளை மாற்றினால் நோய் மாறுமா?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய குழாய்நீரை முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. அது ஒழுங்காக வருகிறதா என்று ஒவ்வொரு கிளையும் பார்த்து எழுத்தில் புகார் செய்ய வேண்டும். வேலைக்காட்டிலும் ஸ்டோரிலும் சுத்தமான குடிநீர் வேண்டும். சீனி வரியில் சேரும் பணம் ஏழை நோயாளிகளின் இரத்தச் சுத்திகரிப்புக்கே போக வேண்டும். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் பானக் கம்பெனிகளின் பதாகை தொங்கக் கூடாது. தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலில் தண்ணீரும் நீர்மோரும் ஊற்றுவோம். பந்தலுக்குத் தண்ணீர்ப்பந்தல் என்றுதானே பெயர்!

தோழர்களே, கம்பெனிகள் மோதட்டும். எவன் வென்றாலும் நமக்கு லாபமில்லை. அவர்கள் பங்கு கேட்பது நம் சம்பளத்தில்; நம் பிள்ளைகளின் உடம்பில். அதைக் கொடுக்க மறுப்பதும் தொழிற்சங்க வேலைதான். இவ்வாரக் கிளைக் கூட்டத்திலேயே தொடங்குங்கள்: மேசைமேல் போத்தல் வேண்டாம், ஒரு குடம் தண்ணீர் வையுங்கள்!