‘சினிமா பாவம்’ என்கிறவர்களிடம் சில கேள்விகள்

டிஸ்கி: நான் போதகரும் இல்லை, சினிமா விமர்சகனும் இல்லை. பி.காம். மூன்றாம் வருடம். காஸ்ட் அக்கவுண்டிங் அரியர் ஒன்று பாக்கி. அதற்குப் படிக்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் :-)

போன ஞாயிறு எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு அண்ணன், கிறிஸ்தவன் பார்க்கக்கூடாத படங்கள் என்று ஒரு பட்டியல் வாசித்தார். முத்தக் காட்சி, குத்துப்பாட்டு, சிகரெட், கெட்ட வார்த்தை. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அவுட். ‘வடசென்னை’ (2018) முதல் ஆளாக அவுட். ஏ சர்டிபிகேட் படம், வசனத்தைச் சொல்லவே வேண்டாம். ‘சார்பட்டா பரம்பரை’யும் (2021) அவுட், ஹீரோ குடிக்கிறான். “அப்போ எதைத்தாண்ணா பார்க்கிறது?” என்று ஒருத்தன் கேட்டான். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஒரு மசாலா படத்தைச் சொன்னார்.

அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். முத்தம் இல்லைதான். ஆனால் பத்து அடியாட்கள் வருகிறார்கள். கறுப்பாக, கைலி கட்டி, கழுத்தில் கர்ச்சீப்போடு, எங்கள் ஏரியா பாஷை பேசிக்கொண்டு. ஹீரோ அத்தனை பேரையும் துவைத்துக் காயப்போடுகிறார். தியேட்டரே விசில் அடிக்கிறது. இந்த மாதிரி நூறு படம் பார்த்தவர்கள்தான் காலேஜில் முதல் நாள் என்னிடம், “புளியந்தோப்பா? பையில கத்தி இருக்கா மச்சி?” என்று கேட்டார்கள். (நீங்கள்தான். படிக்கிறீர்கள் என்று தெரியும்.) அன்றைக்கு நானும் சிரித்தேன். பிறகு பார்ட் டைம் வேலைக்குப் போன ஒரு கடையில் பயோடேட்டாவில் முகவரியைப் பார்த்துவிட்டு, “கேஷ் வேணாம்பா, நீ குடோனைப் பார்த்துக்க” என்றபோது சிரிப்பு வரவில்லை.

பத்துக் கட்டளையில் ஒன்பதாவது, அடுத்தவனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது. (கத்தோலிக்க நண்பர்களுக்கு எட்டாவது.) ஒரு பேட்டையையே ரவுடிப் பேட்டை என்று வருடக்கணக்காகக் காட்டுவது பொய்ச்சாட்சி இல்லையா? அதற்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக் கைதட்டுகிறவனுக்கு அதில் பங்கே கிடையாதா? சபைகளில் சினிமா பேச்சு வந்தாலே பிலிப்பியர் 4:8-ஐ எடுப்பார்கள். தயவுசெய்து அதன் வரிசையைப் பாருங்கள். முதலில் உண்மை, மூன்றாவது நீதி, கற்பு நான்காவதாகத்தான் வருகிறது. நாம் நான்காவதை மட்டும் பிடித்துக்கொண்டு முதலையும் மூன்றையும் விட்டுவிட்டோம். செலவுப் பக்கத்தை மட்டும் தணிக்கை செய்துவிட்டுக் கணக்கு சரி என்று கையெழுத்துப் போட்டால் எந்த ஆடிட்டரும் தப்ப முடியாது.

“அப்போ உங்க ஏரியாவுல ரவுடியே இல்லையா?” இருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அதைக் காட்டுவது எனக்குப் பிரச்சினை இல்லை. ‘வடசென்னை’யில் வெட்டுக்குத்துக்குப் பின்னால் கடலோரத்து மக்களை எழுப்பிவிடப் பார்க்கிற ரோடு இருக்கிறது, அதில் யாருக்கு என்ன லாபம் என்ற கணக்கு இருக்கிறது. வியாசர்பாடியில் நடக்கிற ‘மெட்ராஸ்’ படத்தில் (2014) ஒரு சுவர் யாருக்கு என்பதற்காகப் பையன்கள் சாகிறார்கள். அவர்களைச் சாகவிடுகிறவர்கள் யார் என்றும் படம் சொல்கிறது. சார்பட்டாவில் ஹீரோ குடிக்கிறான், சரி. குடி அவனை என்ன பாடு படுத்துகிறது என்று காட்டியதைவிட நல்ல மதுவிலக்குப் பிரசங்கத்தை நான் சபையில் கேட்டதில்லை.

நான் நேரில் அறிந்த புளியந்தோப்பு இன்னொன்று. 2021 ஆகஸ்டில் கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் கை வைத்தாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்தது. புதிதாகக் கட்டிக் கொடுத்த வீடுகள். சட்டமன்றம் வரை பேச்சு போனது, சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்து ஆய்வு நடந்தது. எங்கள் ஏரியாவில் நடந்த பெரிய கொடுமையில் கத்தியே இல்லை, சிமெண்ட்தான். இதை வைத்து ஒரு சீன்கூட நான் பார்த்த எந்தப் படத்திலும் வரவில்லை.

இன்னொரு விஷயம். 2006-ல் ‘டாவின்சி கோட்’ வந்தபோது (நான் அப்போது கைக்குழந்தை) கிறிஸ்தவ அமைப்புகள் கொதித்தன. ஜூனில் தமிழக அரசு படத்துக்குத் தடை போட்டது, அதே வருடம் சென்னை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. ஆண்டவரைப் பற்றித் தவறாகச் சொன்னார்கள் என்று அவ்வளவு கோபம். பழைய தமிழ்ப் படங்களில் காபரே ஆடுகிற பெண்ணுக்கு ரீட்டா என்றும், வில்லனின் கையாளுக்கு ராபர்ட் என்றும் பெயர் வைத்துக் கழுத்தில் சிலுவையும் மாட்டிவிட்டார்களே, அந்தக் கோபத்தில் கால்வாசியாவது அதற்கு வந்ததா? ஆண்டவர் தம்மைப் பார்த்துக்கொள்வார். ரீட்டா என்ற பெயரோடு வேலைக்குப் போய்வந்த நம் வீட்டு அத்தைகளுக்காக யார் பேசியது?

டிவியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். சினிமா பாவம் என்கிற எங்கள் அம்மா, இரவு எட்டு மணிக்கு ஒரு மருமகள் இன்னொரு மருமகளுக்குப் பாலில் விஷம் கலக்குவதை விடாமல் பார்ப்பார். “சீரியல்ல பாவம் இல்லையாம்மா?” என்றால், “போடா, அது குடும்பக் கதை” என்பார். அதே டிவியில் கறுப்பாக இருக்கிறவனைக் காட்டி அடிக்கிற ஜோக்குக்கு வீட்டில் எல்லோருமே சிரிப்போம். சிரித்த பிறகுதான் என் கையைப் பார்ப்பேன். நானும் அதே நிறம்தான்.

எல்லாப் படத்தையும் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. சில படங்களை நானே பாதியில் நிறுத்தியிருக்கிறேன், நீங்கள் நினைக்கிற காரணத்துக்காகவும் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் அண்ணனின் பட்டியலில், “இந்தப் படம் யாரைப் பற்றிப் பொய் சொல்கிறது?” என்று ஒரு கேள்வி சேர வேண்டும். அதுவும் முதல் கேள்வியாக. கூட்டம் முடிந்ததும் அவரிடமே சொன்னேன். “நீ ரொம்ப யோசிக்கிற தம்பி” என்றார். சரி, ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் லேப்டாப்பில் ‘மெட்ராஸ்’ போடுகிறேன். அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறேன். கத்தி கேட்டவர்களும் வரலாம், டீக்கு மட்டும் பால் வாங்கிக்கொண்டு வாருங்கள்.